பக்கவாதமும் வீட்டுப் பராமரிப்பும்

பக்கவாதம் கண்டவர் அபாயக் கட்டத்தைத் தாண்டியதும் அவரை விரைவில் வீட்டுக்கு அனுப்பிவிடுவதே உத்தமம் என்ற அபிப்பிராயம் வைத்திய உலகில் வலுப்பெற்று வருகிறது. 1990-களில் ஸ்டாக்ஹோமிலும் டிராண்ட்ஹைமிலும் பிற மேல்நாட்டு நகரங்களிலும் நடந்த பரிசோதனைகளைச் சேர்த்துப் பார்த்தால், நோய் அவ்வளவு கடுமையாகத் தாக்காதவர்களுக்கு அது நன்மையே செய்திருக்கிறது என்பதில் ஆட்சேபம் இல்லை. ஆனால் அங்கெல்லாம் நோயாளியைப் பின்தொடர்ந்து இயன்முறை மருத்துவரும், பேச்சுப் பயிற்சி தருபவரும், உடுத்தவும் உண்ணவும் மறுபடி பழக்குகிறவரும் வீட்டுக்கே போனார்கள். நம் ஊரிலோ பெரும்பாலும் மருந்துச் சீட்டும் மறுபடி வரவேண்டிய தேதியுந்தான் கூட வருகின்றன.

அதன் பிறகு சகலமும் மனைவியின் தலையிலோ மருமகளின் தலையிலோ விழுகிறது. கணவனைக் கட்டிலிலிருந்து எழுப்ப வேண்டிய அவள், யாரும் சொல்லித் தராத காரணத்தால், தளர்ந்துபோன கையையே பற்றி இழுக்கிறாள், அல்லது அந்தப் பக்கத்து அக்குளில் கைகொடுத்துத் தூக்குகிறாள். தாங்கிப் பிடிக்கும் தசைகள் சோர்ந்திருப்பதால் தோள் மூட்டு கீழே நழுவுகிறது. அந்த வேதனைக்குப் பயந்து அவர் பயிற்சியையே வேண்டாம் என்று விடுகிறார். விழுங்கும் சக்தி குன்றியவருக்குப் படுத்த நிலையிலேயே கஞ்சி புகட்ட, அது நுரையீரலுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலில் கொண்டுபோய் விடுவதும் உண்டு. அன்பில் குறை வைக்காதவள் செய்கிற காரியங்கள் இவை என்பதுதான் என் நெஞ்சை உறுத்துகிறது.

குடும்பத்தாருக்கே பயிற்சி கொடுத்துவிட்டால் போதாதா, செலவும் மிச்சமாகுமே என்பாரும் உளர். இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகளில் 1,250 நோயாளிகளைக் கொண்டு அதையும் சோதித்து, 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, குடும்பத்தார் பயிற்சி பெற்ற பிரிவிலும் பெறாத பிரிவிலும் ஒன்றுபோல 47 சதவீதம் பேர் இறந்தோ பிறர் தயவில் வாழ்ந்தோ இருந்தனர். தேர்ந்த கைகள் தொடர்ந்து வந்து பார்க்காவிட்டால் வீட்டாரின் பிரயாசை மாத்திரம் பலிக்காது என்றே நான் இதற்குப் பொருள் கொள்கிறேன்.

தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீடு தேடி வரும் இயன்முறைச் சிகிச்சையும் அடங்கியிருப்பது மெத்த ஆறுதல். அந்த வருகை, இழந்த அசைவு மீள்வதற்கு மிகவும் அனுகூலமான முதல் வாரங்களிலேயே வாய்க்க வேண்டும். முதல் வருகை என்றைக்கு என்பது டிஸ்சார்ஜ் சீட்டிலேயே எழுதப்பட வேண்டும். வீட்டுக்குப் புறப்படுமுன், தூக்கி உட்கார வைக்கும் முறையை அந்த மனைவி வார்டிலேயே தன் கையால் செய்து காட்ட அவகாசம் தரவேண்டும். பின்பு வீட்டுக்கு வருகிறவர் நோயாளியின் தோளைப் பார்ப்பதோடு, அவளுடைய முதுகுவலியையும் அவள் இழந்த கூலியையும் பற்றி விசாரிக்க வேண்டும்.