தறியில் ஓர் ஆசுகவி

ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் எனக் கவிகளை நால்வகையாகப் பகுத்துரைப்பது நம் தமிழ் மரபு. கொடுத்த பொருளில், கேட்ட நொடியிலேயே பாடவல்லவன் ஆசுகவி. முன்னரே எழுதி வைத்துக்கொள்ள அவனுக்கு வாய்ப்பில்லை. பாடிய அடியைத் திரும்பப் பெறவும் இயலாது. எனினும் அவன் பாட்டில் யாப்புச் சிதைவதில்லை. சொல்லில் நிகழும் இவ்வருஞ்செயல் நெசவிலும் நிகழுமா? நிகழும் என்று மெய்ப்பித்துக் காட்டியது எகிப்து நாட்டுச் சிற்றூர் ஒன்று.

கெய்ரோ மாநகரை அடுத்து, கீஸாவின் பிரமிடுகளுக்கு அருகே, சக்காரா செல்லும் சாலையில் உள்ளது ஹர்ரானியா என்னும் அவ்வூர். அங்கே 1950-களின் தொடக்கத்தில் நிலம் வாங்கிக் கலைக்கூடம் ஒன்றை எழுப்பினார் ராம்சிஸ் வீஸா வாஸிஃப் (1911-1974) என்னும் கட்டடக் கலைஞர். பாரிஸ் நகரில் பயின்ற அவர், தாயகம் திரும்பியதும் சிமெண்டைவிட நைல் மண்ணையே பெரிதும் நாடினார். பச்சை மண் செங்கல்லால் குவிமாடங்களும் வளைகூரைகளும் அமைத்தார். அவர் எழுப்பிய அக்கலைக்கூடம் 1983-இல் கட்டடக் கலைக்கான ஆகா கான் விருதினைப் பெற்றது.

ஆனால் அவர் உள்ளத்தை அரித்த வினா கட்டடம் பற்றியதன்று, குழந்தைகளைப் பற்றியது. படைக்கும் ஆற்றல் சிலருக்கு மட்டும் வாய்த்த வரமா, பிறக்கும் ஒவ்வொருவருக்கும் உரிய செல்வமா? எல்லார்க்கும் உரியதே என அவர் நம்பினார். நம்பியதோடு நில்லாமல் அதனைச் சோதித்துப் பார்க்கவும் துணிந்தார். முதலில் பழைய கெய்ரோவின் பள்ளி ஒன்றில் சிறுவர்க்கு நெசவு கற்பித்தார். பின்னர் ஹர்ரானியாவின் உழவர் குடிப் பிள்ளைகளைத் தறிமுன் அமர்த்தினார்.

படம் நெய்வது எவ்வாறு?

சாதாரண நெசவில் ஊடை நூல் ஒரு கரையிலிருந்து மறுகரை வரை முழுமையாக ஓடும். சித்திரத் திரை நெசவில் அவ்வாறன்று. ஒவ்வொரு நிற நூலும் தனக்குரிய இடத்தில் மட்டுமே சென்று திரும்பும். பனைமரத்தின் பச்சை மரத்தோடு நிற்கும். வானின் நீலம் வானோடு நிற்கும். பருத்திப் பாவின் மீது கம்பளி ஊடையைச் செலுத்திச் சீப்பு போன்ற கருவியால் அழுத்தி அடிப்பர். அப்பொழுது பாவு முற்றிலும் மறைந்துபோகும், ஊடையே ஓவியமாகும். துணியின்மேல் வரைந்த படமன்று இது, துணியே படம்.

ஐரோப்பிய நெசவுக் கூடங்களில் ஓவியர் ஒருவர் முழு அளவில் படம் தீட்டித் தருவார். நெசவாளர் அதனைப் பார்த்து நூலில் பெயர்ப்பார். சிந்திப்பவர் ஒருவர், செய்பவர் மற்றொருவர். இப்பிரிவினையே கலையைக் கொல்கிறது என்று கருதினார் வீஸா வாஸிஃப். எனவே மூன்று விதிகளை வகுத்தார். முதலாவது, முன்வரைவு கூடாது. இரண்டாவது, பிறர் படைத்த ஓவியங்களைக் காட்டிப் பார்த்துச் செய்யும்படி பழக்குதல் கூடாது. மூன்றாவது, பெரியோர் குறுக்கிட்டுத் திருத்துதலும் குறை கூறுதலும் கூடாது.

கற்பிக்கப்பட்டது நெசவின் நுட்பம் மட்டுமே. முதலில் கோடுகள், பட்டைகள். பிறகு ஒரு பறவை, ஒரு மரம். அதன்பின் ஆடுகள் மேயும் கரை, அறுவடை, திருமணம், சந்தை எனப் படம் விரியும். நெய்த பகுதி உருளையில் சுருண்டுவிடும். கண்ணெதிரே தெரிவது ஒரு குறுகிய பட்டையே. அடுத்து வரவேண்டியது என்ன என்பது நெய்பவரின் நெஞ்சில் மட்டுமே உண்டு. கை தவறி ஒரு வளைவு பிழைத்தால் அதனைப் பிரித்தெடுப்பது பெரும்பாடு. ஆதலால் அப்பிழையையே கிளையாக்கி, அலையாக்கி மேலே செல்லக் கற்கின்றனர். திரையை அறுத்து விரிக்கும் நாளில்தான் நெய்தவரே முழுப் படத்தையும் காண்கிறார். பெரிய திரைகளுக்கு மாதங்கள் பல ஆகும்.

வண்ணங்களும் கடையில் வாங்கியவை அல்ல. நீலம் தரும் அவுரி, சிவப்புத் தரும் மஞ்சிட்டி இனத்து வேர், மஞ்சள் தரும் ரெசிடா ஆகிய செடிகளைக் கூடத்தின் தோட்டத்திலேயே வளர்த்துக் கம்பளிக்குச் சாயம் ஏற்றினர். சிறுவர் நெய்த ஒவ்வொரு திரைக்கும் ஊதியம் உண்டு. கரியா மஹ்மூத், அலி சலீம் முதலிய முதல் தலைமுறையினர் உலகறிந்த கலைஞராயினர். 1950-களின் பிற்பகுதி முதல் ஐரோப்பிய நகரங்களில் இத்திரைகள் காட்சிக்கு வைக்கப்பெற்றன. 1974-இல் வீஸா வாஸிஃப் மறைந்த பின்னர் அவர் துணைவியார் ஸோஃபியும் மகளிர் இருவரும் இப்பணியைத் தொடர்ந்தனர்.

நமக்கு எழும் ஐயம்

இம்மூன்று விதிகளையும் நாம் அப்படியே ஏற்கலாமா? முதல் விதியும் மூன்றாம் விதியும் ஆசிரியர் அனைவரும் நெஞ்சிற் பதிக்கத் தக்கவை. மாணவன் எழுதிய கட்டுரையில் நாம் முதலில் தேடுவது பிழையை. அவன் கண்டதையும் நினைத்ததையும் அன்று. சிவப்பு மையின் அச்சத்தால் எழுதாமலே போன சிந்தனைகள் எத்தனையோ!

இரண்டாம் விதியில்தான் தயக்கம் பிறக்கிறது. முன்னோர் நூல்களைக் காணாதவன் கவிஞனாக முடியுமா? ஆசுகவியின் விரைவுக்குப் பின்னே அவன் மனத்தில் ஊறிய ஆயிரமாயிரம் பாடல்கள் உள்ளன அல்லவா? எண்ணிப் பார்த்தால் ஹர்ரானியாவின் பிள்ளைகளுக்கும் ஒரு நூலகம் இருந்தது. நைல் கரையும், பேரீச்சந்தோப்பும், கழுதைகளும், வாத்துகளும், திருவிழாக்களும் அவர்கள் நாள்தோறும் படித்த ஏடுகள். வெறுங்கையோடு எவரும் தறிமுன் அமரவில்லை. கெய்ரோ நகரம் பெருகிக் கீஸா வட்டாரத்து வயல்களை விழுங்கிவரும் இந்நாளில் அந்நூலகம் சுருங்கி வருகிறது என்பதே கவலைக்குரியது.

ஆகவே, காண்பதை விலக்குவது தீர்வன்று. கண்டதைப் படியெடுப்பதையே விலக்க வேண்டும். இலக்கணத்தைக் கற்றுக்கொடுப்போம், கவிதையை மாணவனே கண்டடையட்டும். பாவு கட்டித் தருவது ஆசிரியர் கடன். ஊடை செலுத்துவது மாணவன் உரிமை. அந்த உரிமையை அவனிடமிருந்து பறிக்காத வகுப்பறைகள் நம்மிடம் எத்தனை உள்ளன என்பதை நாம் ஒவ்வொருவரும் நம்மையே கேட்டுக்கொள்வோமாக!