மடிக்கணினி வரைகலை அட்டை கண்டறியப்படாமை

மடிக்கணினி வரைகலை அட்டை கண்டறியப்படாமை என்பது, முன்பு இயங்கிவந்த தனி வரைகலை அட்டை இயங்குதளத்தின் சாதனப் பட்டியலிலிருந்து மறைந்துபோகும் பழுதாகும். செயலியோடு இணைந்த வரைகலையும் உள்ள கணினிகளில் திரை தொடர்ந்து இயங்கும். விளையாட்டுகளும் முப்பரிமாண வரைவு மென்பொருள்களும் மட்டுமே தடுமாறும்.

கணினியில் தனி அட்டை இருந்ததா என்பதை முதலில் உறுதிசெய்ய வேண்டும். தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று திருவள்ளூரை அடுத்த காக்களூரில் தொடங்கிவைக்கப்பட்டது. அத்தகைய எளிய மடிக்கணினிகளில் பொதுவாகத் தனி அட்டை இருப்பதில்லை. இல்லாத அட்டையைத் தேடிப் பணம் இழப்போரும் உண்டு.

கண்டறியும் முறை

இயங்குதளம் எழுவதற்கு முன்பே, பயாஸ் நிரல் பிசிஐ எக்சுபிரசு பாட்டையில் உள்ள சாதனங்களை ஒவ்வொன்றாக வினவுகிறது. விடையளிக்காத சாதனத்துக்கு இயக்கி மென்பொருளை எத்தனை முறை நிறுவினாலும் பயனில்லை.

விண்டோசின் சாதன மேலாளரில் மஞ்சள் குறியும் 43 என்னும் பிழை எண்ணும் காணப்பட்டால், அட்டை பாட்டையில் உள்ளது. இயக்கியை நீக்கி மீண்டும் நிறுவிப் பார்க்கலாம். 45 என்னும் எண், முன்பு இருந்த சாதனம் இப்போது இணைப்பில் இல்லை எனப் பொருள்படும். விண்டோசு 8 முதல் உள்ள விரைவுத் தொடக்க வசதியால் கணினியை அணைத்தாலும் கருநிரலின் நிலை வட்டில் சேமிக்கப்படுகிறது. ஆகவே 'மறுதொடக்கம்' செய்து பார்ப்பதே முறை. அதன்பின் மின்னேற்றியையும் மின்கலத்தையும் கழற்றி, மின்விசையை அரை நிமிடம் அழுத்திப் பிடித்து, எஞ்சிய மின்னூட்டத்தை நீக்கலாம். பயாசில் தனி அட்டை முடக்கப்பட்டுள்ளதா என்றும் காண வேண்டும்.

இவற்றால் தீராவிடில், லினக்சைப் பேனா நினைவகத்திலிருந்து இயக்கி 'எல்எஸ்பிசிஐ' கட்டளையைத் தரலாம். அட்டை அங்கே தெரிந்தால் குறை பெரும்பாலும் விண்டோசில். அங்கும் தெரியாவிடில் வன்பொருளில் என்று கொள்ளலாம்.

வெப்பமும் பற்றாசும்

சில்லு சூடேறி விரிந்து, ஆறிச் சுருங்கும்போது அதன் நுண்ணிய பற்றாசு இணைப்புகள் நாளடைவில் விரிசல் காண்கின்றன. இதற்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு என்விடியா நிறுவனத்துடையது. தன் மடிக்கணினிச் சில்லுகள் சிலவற்றின் பொதியத்தில் பயன்பட்ட பொருள்கள் வலுக்குன்றியிருந்ததை அது 2008 சூலையில் அறிவித்து, 15 முதல் 20 கோடி டாலர் வரை செலவுக்கென ஒதுக்கியது. டெல், எச்பி, ஆப்பிள் கணினிகள் பாதிக்கப்பட்டன.

திருவள்ளூர் மாவட்டத்தின் திருத்தணியில் கோடை வெப்பம் 40 பாகை செல்சியசைத் தாண்டுவது வழக்கம். கும்மிடிப்பூண்டி போன்ற, எஃகு ஆலைகள் நிறைந்த பகுதிகளில் காற்றாடியின் வெப்பத்தகடுகளைத் தூசு விரைவில் அடைக்கும். அதனைத் துடைத்து வெப்பப் பசையை மாற்றுவது மலிவான தடுப்புமுறை.

பழுதான சில்லை வெப்பக்காற்றால் சூடாக்கி உயிர்ப்பிக்கும் வழக்கம் பழுதுபார்ப்புக் கடைகளில் உண்டு. சில்லின் உள்ளிணைப்பே உடைந்திருப்பின் அது சில நாட்களோ வாரங்களோ மட்டுமே தாங்கும். இதனை நிலையான பழுதுநீக்கம் எனக் கட்டணம் பெறுவது முறையன்று. பெரும்பாலான மடிக்கணினிகளில் சில்லு தாய்ப்பலகையிலேயே பற்றவைக்கப்பட்டுள்ளதால், புதிய சில்லோ பலகையோ மாற்ற வேண்டும். இணைந்த வரைகலை இருப்பின் தனி அட்டையைக் கைவிட்டு அதிலேயே தொடரலாம். வட்டிலுள்ள கோப்புகளை இப்பழுது பாதிப்பதில்லை. எனினும் கடையில் ஒப்படைக்குமுன் படியெடுத்துக்கொள்வது நன்று.