ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கணக்கு: வேலை கொடுப்பவர்கள் எதைத் தேடுகிறார்கள்?

பொறியியல் கல்லூரிகளில் கேம்பஸ் சீசன் தொடங்கிவிட்டால், இறுதியாண்டு மாணவர்களிடம் ஒரே பேச்சுதான்: கம்பெனிக்காரர்கள் என்னதான் எதிர்பார்க்கிறார்கள்? ‘நல்ல கம்யூனிகேஷன், டீம் ஒர்க், தன்னம்பிக்கை’ என்று பிளேஸ்மென்ட் வகுப்பில் சொல்வார்கள். தவறில்லை. ஆனால், எந்தச் சுற்றில் எது பார்க்கப்படுகிறது என்பதை அந்தப் பட்டியல் சொல்வதில்லை.

முதலில் கழித்தல்

பெரிய ஐ.டி. சேவை நிறுவனங்களுக்கு விண்ணப்பங்கள் மலைபோல் குவிகின்றன. எல்லாவற்றையும் படித்துப் பார்க்க ஆள் கிடையாது. அதனால் 10, 12ஆம் வகுப்பு, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதம், நிலுவையில் அரியர் இருக்கக் கூடாது, படிப்பில் நீண்ட இடைவெளி கூடாது என்பன போன்ற வரம்புகளை வைத்துக் கணினியே வடிகட்டிவிடுகிறது.

மதிப்பெண் குறைந்தவருக்குத் திறமை இல்லை என்று இதற்குப் பொருளில்லை. விண்ணப்பதாரரின் உண்மையான திறன் நிறுவனத்தின் கண்ணுக்குத் தெரியாது. அதைக் காட்டும் அடையாளமாகவே பட்டத்தை அது எடுத்துக்கொள்கிறது. பொருளியலாளர் மைக்கேல் ஸ்பென்ஸ் 1973இல் முன்வைத்த விளக்கம் இது. தகவல் சமமாக இல்லாத சந்தைகள் குறித்த ஆய்வுகளுக்காக 2001இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் அவரும் ஒருவர். இந்தச் சுற்றில் ரெஸ்யூமேயின் அழகுக்கு வேலை இல்லை. எந்த நிறுவனத்தின் வரம்புக்குள் நாம் வருகிறோம் என்று பார்த்து விண்ணப்பிப்பதே இங்கே செய்யக்கூடியது.

அடுத்து கற்கும் வேகம்

ஆன்லைன் தேர்வில் கணக்கு, தர்க்கம், ஆங்கிலம், கோடிங் ஆகியவை வரும். மெக்கானிக்கல், சிவில் படித்தவர்களும் இதில் தேறி ஐ.டி. வேலைக்குப் போகிறார்கள். காரணம், இந்த நிறுவனங்கள் புதியவர்களுக்குத் தாங்களே பயிற்சி கொடுத்து, பிறகுதான் புராஜெக்டில் அமர்த்துகின்றன. இன்று தெரிந்ததைவிட, நாளை சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு வேகமாகப் பிடித்துக்கொள்வார் என்பதே அவர்களுக்கு முக்கியம்.

சிறு நிறுவனத்தின் கணக்கு வேறு. பத்துப் பேர் வேலை பார்க்கும் கோவை மென்பொருள் நிறுவனத்தால் மாதக்கணக்கில் பயிற்சி கொடுக்க முடியாது. சேர்ந்த வாரமே கைகொடுக்கும் ஆள்தான் அதற்கு வேண்டும். அங்கே 60 சதவீதத்தைவிட, செய்து முடித்த ஒரு செயலிக்கு மதிப்பு அதிகம்.

‘உன் புராஜெக்டைச் சொல்லு’

தொழில்நுட்ப நேர்காணலில் தவறாமல் வரும் கேள்வி இது. இறுதியாண்டு புராஜெக்டைப் பணம் கொடுத்து வாங்கும் பழக்கம் இருப்பது நேர்காணல் செய்பவர்களுக்கும் தெரியும். ‘இந்த டேட்டாபேஸை ஏன் தேர்ந்தெடுத்தாய்? எங்கே சிக்கல் வந்தது? எப்படிச் சரிசெய்தாய்?’ என்று மூன்று கேள்வி கேட்டாலே, செய்தவர் யார், வாங்கியவர் யார் என்பது தெரிந்துவிடும். சிறியதாக இருந்தாலும் சொந்தமாகச் செய்த புராஜெக்ட்தான் இங்கே காப்பாற்றும்.

ஆங்கிலத்தில் பேசும் திறனும் இங்கேதான் சோதிக்கப்படுகிறது. தமிழ்வழியில் படித்தவர்கள் உச்சரிப்பை நினைத்துத்தான் அதிகம் பயப்படுகிறார்கள். அழைப்பு மையம் போன்ற பணிகளில் உச்சரிப்பு முக்கியம்தான். மென்பொருள் பணியில், ஒரு சிக்கலை எதிரில் இருப்பவருக்குப் புரியும்படி எளிய வாக்கியங்களில் சொல்லத் தெரிந்தாலே பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது.

கடைசியில் நம்பிக்கை

‘நைட் ஷிஃப்ட் சம்மதமா? எந்த ஊருக்கும் போவீர்களா? மேற்படிப்பு யோசனை உண்டா?’ ஹெச்.ஆர். சுற்றின் இந்தக் கேள்விகளுக்குப் பின்னால் இருப்பது ஒரே கவலை: செலவழித்துப் பயிற்சி கொடுத்த பிறகு இவர் நிலைப்பாரா? முடியாததற்கு இங்கே தலையாட்டினால் பின்னால் சிக்கல். சான்றிதழ்களும் முன்அனுபவமும் பிறகு சரிபார்க்கப்படும். வருங்கால வைப்பு நிதிக் கணக்கைப் பார்த்தாலே முந்தைய வேலை உண்மையா என்று பெரும்பாலும் தெரிந்துவிடும். போலி அனுபவச் சான்றிதழ் பிடிபட்டால், சேர்ந்த பிறகும் வேலை போகும்.

தேடக் கூடாததும் உண்டு

வேலைக்கு ஆள் எடுப்பதில் சாதி, மதப் பாகுபாடு குறித்து ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட், பால் அட்வெல் இருவரும் 2007இல் வெளியிட்ட ஆய்வு முக்கியமானது. நாளிதழ்களில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு, ஒரே தகுதியுடன் வெவ்வேறு பெயர்களில் விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. உயர்சாதிப் பெயர்களைவிட தலித், முஸ்லிம் பெயர்களுக்கு அடுத்தகட்ட அழைப்பு கிடைக்கும் வாய்ப்பு குறைவாக இருந்தது. தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று சொல்லும் நிறுவனங்கள் இதற்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

நேர்காணலில் இத்தகைய பாகுபாட்டைக் குறைக்க வழி உண்டு. எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, முன்பே வகுத்த அளவுகோலின்படி மதிப்பெண் இடும் நேர்காணல், மனம்போன போக்கில் பேசிப் பார்ப்பதைவிட, வேலைத்திறனை நன்றாகக் கணிக்கிறது. பணியாளர் தேர்வு பற்றிய ஆய்வுகள் பல பத்தாண்டுகளாகச் சொல்லிவருவது இது.

‘கடின உழைப்பாளி’, ‘விரைவாகக் கற்பவர்’ என்று ரெஸ்யூமேயில் எல்லோரும்தான் எழுதுகிறார்கள். விண்ணப்பத்தை அனுப்பும் முன் அதன் ஒவ்வொரு வரியையும் ‘இதற்கு என்ன ஆதாரம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஆதாரம் இருந்தால் அதையே எழுதுங்கள். இல்லையென்றால், அந்த வரியை எடுத்துவிட்டு ஆதாரத்தை உருவாக்கும் வேலையைத் தொடங்குங்கள்.