முதல் கப்பல் சுற்றுலா: கரையிலேயே முடிக்க வேண்டிய வேலைகள்

நாகப்பட்டினத்தில் ரஜூலாவிலும், பிறகு எம்.வி. சிதம்பரத்திலும் ஏறி பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போன தலைமுறைக்குக் கப்பல் என்பது பிழைக்கப் போகும் வழி. இன்று சிங்கப்பூரில் சொகுசுக் கப்பல் ஏறும் தமிழ்க் குடும்பங்கள் பினாங்கு, புக்கெட் என்று மூன்று நான்கு இரவுகள் சுற்றிவிட்டு, புறப்பட்ட துறைமுகத்துக்கே திரும்பி வருகின்றன. அறை, சாப்பாடு, நீச்சல் குளம், இரவு நிகழ்ச்சி எல்லாம் கப்பலுக்குள்ளேயே. சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கோர்டெலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் 2022-இல் பயணம் தொடங்கியது. 2023-இல் அது இலங்கையின் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை வரை போய் வந்தது.

மற்ற சுற்றுலாக்களுக்கும் இதற்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஊட்டியில் மாத்திரை தீர்ந்துபோனால் மருந்துக் கடைக்கு நடந்து போகலாம், அறை பிடிக்காவிட்டால் வேறு விடுதி பார்க்கலாம். கப்பல் துறைமுகத்தை விட்ட பிறகு அந்த இரண்டும் நடக்காது. விசாவில் ஒரு குறை இருந்தால் கப்பலில் ஏறவே முடியாது. அதனால் இந்தப் பயணத்தின் நிம்மதியில் பெரும்பகுதி வீட்டிலேயே தீர்மானமாகிவிடுகிறது. எதை, எப்போது, ஏன் செய்ய வேண்டும் என்று வரிசையாகப் பார்க்கலாம்.

எந்தக் கடல், எந்த மாதம்

முதல் தடவைக்கு மூன்று அல்லது நான்கு இரவுப் பயணம் போதும். அதில் ஒரு முழு நாள் கடலிலேயே கழியும். உங்கள் உடம்புக்கு அது ஒத்துக்கொள்கிறதா என்று அந்த ஒரு நாளில் தெரிந்துவிடும்.

கப்பல் எவ்வளவு ஆடும் என்பதைக் கடலும் மாதமும் முடிவு செய்கின்றன. மலாக்கா நீரிணை ஒருபுறம் சுமத்ரா, மறுபுறம் மலேசியத் தீபகற்பம் என இரண்டு நிலங்களுக்கு நடுவே கிடப்பதால் பெரும்பாலும் அலை அடங்கியிருக்கும். சிங்கப்பூர்–பினாங்கு வழி முதல் பயணத்துக்குப் பொருந்துவது இதனால்தான். புக்கெட் அந்தமான் கடலைப் பார்த்து நிற்கிறது. மே முதல் அக்டோபர் வரை அங்கே அலை கூடும். அரபிக் கடல் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொந்தளிப்பாக இருக்கும். வங்காள விரிகுடாவில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம்.

கப்பலின் அளவும் முக்கியம். எம்ப்ரஸ் 1990-இல் கட்டப்பட்டது, நீளம் சுமார் 211 மீட்டர். 2024-இல் ஓடத் தொடங்கிய ஐகான் ஆஃப் தி சீஸ் 365 மீட்டர். ஒரே அலையில் சிறிய கப்பல் கூடுதலாக ஆடும். விளம்பரங்களில் வரும் 'டன்' கணக்கு கப்பலின் எடை என்று பலர் நினைக்கிறார்கள். அது கப்பலின் உட்புறக் கொள்ளளவைக் குறிக்கும் அளவு. டன்னைப் பயணிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு எவ்வளவு இடம் கிடைக்கும், எவ்வளவு நெரிசல் இருக்கும் என்று ஓரளவு புரியும்.

கேபின் தேர்வு

கேபின்களில் பொதுவாக நான்கு வகை: ஜன்னல் இல்லாத உள் அறை, திறக்க முடியாத ஜன்னலோடு கடல் தெரியும் அறை, பால்கனி அறை, சூட். பகல் முழுக்க வெளியே சுற்றப்போகும் இளைஞர்களுக்கு உள் அறை போதும். பெற்றோர் கூட வந்தால் பால்கனிக்குச் செலவழிப்பது வீணில்லை; நடக்க முடியாத வேளையிலும் அவர்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே கடலைப் பார்க்கலாம்.

வகையைவிட அறை இருக்கும் இடம் முக்கியம். கப்பல் முன்னும் பின்னுமாக ஆடும்போது நடுப்பகுதி குறைவாக அசையும். மேல் தளத்தைவிடக் கீழ்த்தளம் குறைவாக அசையும். பேருந்திலேயே வாந்தி வருகிறவர்கள் நடுவில், கீழ்த்தளத்தில் அறை கேளுங்கள். தளப் படத்தை வாங்கி, உங்கள் அறைக்கு நேர் மேலேயும் கீழேயும் என்ன இருக்கிறது என்று பாருங்கள். மேலும் கீழும் கேபின்களே இருந்தால் தூக்கம் கெடாது. மேலே பஃபே உணவகம் இருந்தால் விடியற்காலையிலேயே நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்கும்.

பாஸ்போர்ட்டும் விசாவும்

பயணம் முடியும் தேதியிலிருந்து பாஸ்போர்ட் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக வேண்டும். அடுத்து, கப்பல் தொடும் ஒவ்வொரு நாட்டுக்கும் தனித்தனியாக நுழைவு விதியைப் பார்க்க வேண்டும். கப்பலைவிட்டு இறங்கப் போவதில்லை என்றாலும் அந்த நாட்டின் விசா இருந்தால்தான் ஏற்றிக்கொள்வோம் என்று நிறுவனங்கள் கேட்பதுண்டு. மலேசியா, தாய்லாந்து, இலங்கை ஆகியவை இந்தியர்களுக்கான விசா விதிகளை அண்மைக் காலத்தில் பலமுறை மாற்றியிருப்பதால், போன வருடம் போய்வந்த உறவினர் சொல்வதை நம்பி இருந்துவிடாதீர்கள். டிக்கெட் எடுக்கும் அன்று ஒரு முறையும், புறப்படும் வாரத்தில் இன்னொரு முறையும் அரசுத் தளங்களில் பார்த்துவிடுங்கள்.

முதல் பயணிகள் பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று. சிங்கப்பூரில் விமானம் இறங்கும்போது ஒரு முறை அந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள். கப்பலில் வெளியேறித் திரும்பும்போது இரண்டாவது முறை நுழைகிறீர்கள். ஆகவே உங்கள் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதாக இருக்க வேண்டும். விசா கையில் வந்தவுடன் அந்த வரியைப் படித்துப் பாருங்கள்.

பேரக்குழந்தைகளோடு தாத்தா பாட்டி மட்டும் போனாலும், பெற்றோரில் ஒருவர் மட்டும் போனாலும் சம்மதக் கடிதம் கேட்கப்படலாம். கர்ப்பம் 24 வாரத்தை எட்டியவர்களைப் பெரும்பாலான நிறுவனங்கள் ஏற்றுவதில்லை. கைக்குழந்தைக்குப் பல கப்பல்களில் குறைந்தது ஆறு மாதம் ஆகியிருக்க வேண்டும்.

பயணக் காப்பீடு எடுக்காமல் கப்பல் ஏறாதீர்கள். கப்பலில் மருத்துவர் இருப்பார், ஆனால் கட்டணம் வெளிநாட்டுத் தனியார் மருத்துவமனை அளவுக்கு வரும். நிலைமை மோசமானால் நோயாளியை அடுத்த துறைமுகத்திலோ, அவசரமென்றால் ஹெலிகாப்டரிலோ கரை சேர்க்க வேண்டியிருக்கும். பாலிசியில் கப்பல் பயணமும் அவசர மருத்துவ வெளியேற்றமும் சேர்ந்திருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள்.

பணக் கணக்கு

விளம்பரத்தில் வரும் தொகை, ஓர் அறையில் இருவர் தங்கும்போது ஆளுக்கு ஆகும் கட்டணம். தனியாகப் போகிறவர் ஏறக்குறைய இரண்டு பேர் கட்டணம் கட்ட நேரிடலாம். துறைமுகக் கட்டணமும் வரியும் தனியாகக் கூடும். பிரதான உணவகமும் பஃபேயும் கட்டணத்தில் அடங்கும். மதுபானம், பாட்டில் குளிர்பானம், சிறப்பு உணவகம், இணையம், கரைச் சுற்றுலா ஆகியவற்றுக்குப் பொதுவாகத் தனிக் கட்டணம்.

பலரும் எதிர்பார்க்காத செலவு, கட்டாயம் போலவே வசூலிக்கப்படும் டிப்ஸ். அமெரிக்க நிறுவனங்களின் கப்பல்களில் இது ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 முதல் 20 டாலர் வரை ஆகும். நான்கு பேர் குடும்பம் நான்கு இரவுகள் போனால் 240 முதல் 320 டாலர். இதைத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

கப்பலுக்குள் ரொக்கம் செல்லாது. அறைச் சாவி அட்டையே கணக்கு அட்டை. அதோடு உங்கள் கிரெடிட் கார்டை இணைப்பார்கள். கார்டில் வெளிநாட்டுப் பரிவர்த்தனையை வங்கிச் செயலியில் முன்பே திறந்து வையுங்கள். டெபிட் கார்டு கொடுத்தால் முன்பணமாக ஒரு தொகையை முடக்கிவைப்பார்கள், அது விடுபடச் சில நாள் ஆகும்.

கைபேசிக்கு ஒரு எச்சரிக்கை. நடுக்கடலில் கப்பலின் செயற்கைக்கோள் வழி நெட்வொர்க்கோடு போன் தானாகவே இணைந்துகொள்ளும். சாதாரண ரோமிங் பேக் அதற்குப் பொருந்தாது, பில் ஆயிரக்கணக்கில் வரலாம். கப்பல் புறப்பட்டதும் எல்லோர் போனையும் ஃபிளைட் மோடில் போட்டு, வேண்டுமானால் கப்பலின் வைஃபை மட்டும் வாங்குங்கள்.

பெட்டியில் எது, எது கூடாது

கப்பலில் மிகவும் அஞ்சப்படுவது தீ. அதனால் அயர்ன் பாக்ஸ், கெட்டில், வாட்டர் ஹீட்டர், எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், மெழுகுவர்த்தி எதையும் விடமாட்டார்கள். ஊதுபத்தியும் சூடமும் இதில் சேரும். தினமும் விளக்கேற்றிக் கும்பிடும் அம்மாவுக்கு இதை வீட்டிலேயே சொல்லிவிடுங்கள். சோதனை வரிசையில் அவர் சங்கடப்பட வேண்டாம். வீட்டில் கட்டிய புளிசாதமும் அனுமதி பெறாது. கடையில் வாங்கிய, பிரிக்காத பாக்கெட் தின்பண்டங்களைப் பொதுவாக விடுவார்கள். சைவமோ ஜைன உணவோ வேண்டுமென்றால் முன்பதிவின்போதே எழுதிக் கொடுங்கள்.

நீச்சல் குளத்தில் பருத்திச் சுடிதாரோடும் பனியனோடும் இறங்க விடமாட்டார்கள். நைலான் நீச்சல் உடை தேவை. உள்ளே ஏ.சி. குளிர் அதிகம் என்பதால் பெரியவர்களுக்கு ஒரு சால்வையும் காலுறையும் வையுங்கள். ஒரு மாலை மட்டும் சற்று எடுப்பாக உடுத்தச் சொல்வார்கள், பட்டுச் சேலையும் வேட்டி சட்டையும் அதற்குக் கம்பீரமாகப் பொருந்தும்.

துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள், அவை அறைக்கு வர மாலை ஆகலாம். பாஸ்போர்ட், மாத்திரைகள், ஒரு மாற்றுடை, நீச்சல் உடை ஆகியவை கையோடு இருக்கட்டும். மாத்திரைகளைப் பயண நாள்களைவிட நான்கைந்து நாளுக்குக் கூடுதலாக, மருத்துவர் சீட்டோடு எடுத்துச் செல்லுங்கள்.

தலைசுற்றலும் கைகழுவுதலும்

அறைக்குள் இருக்கும்போது எதுவும் அசையவில்லை என்று கண் சொல்கிறது, உடல் அசைகிறது என்று உள்காது சொல்கிறது. இந்த முரண்பாட்டில்தான் குமட்டல் பிறக்கிறது. வெளித்தளத்துக்கு வந்து தொடுவானத்தைப் பார்த்தால் குறைவதற்குக் காரணம், கண்ணும் காதும் மறுபடி ஒத்துப்போவதே. இஞ்சி சிலருக்கு உதவும். வெறும் வயிறும் வேண்டாம், வயிறு முட்டவும் வேண்டாம். அவோமின் போன்ற மாத்திரைகள் குமட்டல் தொடங்குமுன் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும், தூக்கமும் வரும். கண் அழுத்த நோய், புராஸ்டேட் தொல்லை உள்ளவர்களும் சிறு குழந்தைகளும் மருத்துவரைக் கேட்காமல் போடக் கூடாது.

ஆயிரக்கணக்கானோர் ஒரே கரண்டியைத் தொடும் இடத்தில் நோரோவைரஸ் வயிற்றுப்போக்கு வேகமாகப் பரவும். சானிடைசர் அதற்குப் போதாது. சாப்பாட்டுக்கு முன் ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டுக் கழுவுவதே காப்பு.

ஏறும் நாள்

வெளியூரிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் முன்பே துறைமுக நகரத்துக்குப் போய்விடுங்கள். விமானம் தாமதமானால் கப்பல் காத்திருக்காது. சிங்கப்பூரில் இரண்டு முனையங்கள் உண்டு: 2012-இல் திறந்த மரினா பே, இன்னொன்று ஹார்பர்ஃபிரண்ட். உங்கள் டிக்கெட்டில் எது இருக்கிறது என்று பார்த்த பிறகே டாக்சி ஏறுங்கள்.

ஏறியதும் நடக்கும் பாதுகாப்புப் பயிற்சியைத் தட்டிக்கழிக்காதீர்கள். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலியின் ஜிலியோ தீவருகே கோஸ்டா கான்கார்டியா பாறையில் மோதிச் சாய்ந்தது. 32 பேர் இறந்தார்கள். அன்று புதிதாக ஏறிய பல நூறு பயணிகளுக்கு அதுவரை பயிற்சி நடக்கவில்லை. பயிற்சியை 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்றுதான் அப்போது விதி இருந்தது. 2015 ஜனவரி 1 முதல், கப்பல் புறப்படும் முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்தியாக வேண்டும். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அவசரம். உங்கள் கூடுமிடம் எது, அறையிலிருந்து படிக்கட்டு வழியாக அங்கே எப்படிப் போவது என்று குடும்பத்தோடு ஒரு முறை நடந்து பாருங்கள். லிஃப்டை அப்போது நம்பக் கூடாது.

துறைமுகத்தில் இறங்கும்போது

பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை, ஜார்ஜ் டவுனை ஒட்டியே இருக்கிறது. யுனெஸ்கோ 2008-இல் பாரம்பரியச் சின்னமாக அறிவித்த அந்தப் பழைய நகரத்தையும், லிட்டில் இந்தியாவையும், குவீன் தெரு மகாமாரியம்மன் கோவிலையும் நடந்தே பார்த்துவிடலாம். காசு கட்டிச் சுற்றுலா எடுக்கத் தேவையில்லை. புக்கெட்டில் பல கப்பல்கள் கடலிலேயே நின்று படகில் கரை சேர்க்கும். வரிசையில் நேரம் போகும், அலை அதிகமானால் இறங்குவதே ரத்தாகலாம். அங்கே தொலைவான இடம் போவதாக இருந்தால் கப்பல் நடத்தும் சுற்றுலாவே பாதுகாப்பு. அந்த வண்டி தாமதமானால் கப்பல் காத்திருக்கும். தனியாகப் போனவர் தாமதித்தால் அடுத்த துறைமுகத்துக்குச் சொந்தச் செலவில்தான் போய்ச் சேர வேண்டும்.

தாய்லாந்து நேரம் சிங்கப்பூரைவிட ஒரு மணி பின்தங்கியது. கரையில் போன் தானாக நேரத்தை மாற்றிக்கொள்ளும். கப்பல் சிங்கப்பூர் நேரத்தையே வைத்திருந்தால், போனில் நான்கு மணி ஆகும்போது கப்பலில் ஐந்து. கப்பல் நேரத்தில் ஓடும் ஒரு கைக்கடிகாரம் குடும்பத்தில் ஒருவர் கையில் இருக்கட்டும்.

கடைசி இரவு

பெட்டிகளை இரவே அறை வாசலில் வைக்கச் சொல்வார்கள். மறுநாள் உடை, செருப்பு, மாத்திரை, பாஸ்போர்ட் ஆகியவற்றை எடுத்து வைத்துக்கொண்டு மீதியைக் கட்டுங்கள். அன்றிரவே கணக்கைப் பாருங்கள். தவறான பில் இருந்தால் காலையில் நீண்ட வரிசை சேருமுன் கேட்டுத் திருத்திக்கொள்ளலாம். மேசையிலிருந்து பழம் எடுத்துக் கரை இறங்காதீர்கள், பல நாடுகளில் அதற்கு அபராதம்.

வயதானவர்களை அழைத்துப் போவதற்கு இதைப் போல வசதியான சுற்றுலா குறைவு. ஊருக்கு ஊர் பெட்டி கட்ட வேண்டாம், படியேற வேண்டாம், களைத்தால் அறை பக்கத்திலேயே. சக்கர நாற்காலி வேண்டுமென்றால் முன்பதிவிலேயே சொல்லுங்கள். கேபின் எண், தளம், கூடுமிடம், சாப்பாட்டு நேரம் ஆகியவற்றைத் தமிழில் ஒரு சீட்டில் எழுதி அவர்கள் பையில் வைத்துவிடுங்கள். யாருக்கும் காத்திராமல் அப்பாவும் அம்மாவும் தாங்களாகவே டெக்குக்குப் போய்வர அந்தச் சீட்டு போதும்.