சாமை இருக்கு, வழிதான் தெரியலை!

ஜவ்வாதுமலைச் சாமைக்கும் தேனுக்கும் புளிக்கும் ஊரெல்லாம் பேரு இருக்கு. விளைய வைக்கிற உழவருக்குத்தான் விலாசம் இல்லை. கீழ்நாட்டுக் கடைகளில் 'ஜவ்வாதுமலை சாமை' என்று ஒட்டிய பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள். எந்த ஊர், யார் நிலம் என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. மூட்டையாகப் போளூருக்கோ ஆலங்காயத்துக்கோ இறங்கிய அன்றே விளைந்த ஊரின் பேர் தொலைந்துவிடுகிறது. மலையின் பேர் மட்டும் மிஞ்சி, வேறு யாருக்கோ சம்பாதித்துக் கொடுக்கிறது.

2023ஐ ஐ.நா. சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்த பிறகு சாமையைத் தேடி வாங்குகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். கோடை விழாவுக்கும் பீமன் அருவிக்கும் காவலூர் வானோக்கு நிலையத்துக்கும் மலையேறி வருகிறவர்களில் பலர், "நேரா விவசாயிகிட்டயே வாங்கிட்டுப் போகலாமா?" என்று கேட்கிறார்கள். யாரைப் பார்ப்பது என்று தெரியாமல் வெறுங்கையோடு இறங்கிவிடுகிறார்கள். யுரேனஸ் கோளுக்கு வளையம் இருப்பதை 1977இல் கண்டுகொண்ட இடங்களில் நம்ம காவலூரும் ஒன்று. அவ்வளவு தூரத்தில் இருந்தது தெரிந்த மலையில், அடுத்த திருப்பத்து வீட்டில் தேன் இருப்பது தெரியவில்லை.

முதல் வேலை ஒரு பலகை. வீட்டு வாசலில் மாட்டினால் பயன் குறைவு. வாசல்வரை வந்தவருக்குப் பலகை எதற்கு? சாலையிலிருந்து நம் வீட்டுக்குப் பிரியும் இடத்துக்குச் சற்று முன்னாலேயே இருக்க வேண்டும். வண்டியில் வருகிறவர் வேகத்தைக் குறைத்துத் திரும்ப அவகாசம் வேண்டாமா? சாமி படம், தலைவர் படம், 'இயற்கை அங்காடி' என்ற அலங்கார எழுத்து எல்லாம் சேர்ந்தால் விற்கிற பொருளே கண்ணில் படாது. 'சாமை அரிசி, தேன் - 300 மீட்டர் - இடப்பக்கம்' என்றால் போதும். கீழே ஒரு சிலேட்டைத் தொங்கவிட்டு, அன்றைக்கு என்ன இருக்கிறது என்று சாக்பீஸில் எழுதுங்கள். காப்புக்காட்டு ஓரம் என்றால் வனத்துறையிடமும், நெடுஞ்சாலை ஓரம் என்றால் அந்தத் துறையிடமும் கேட்டுவிட்டு நடுங்கள். பட்டா நிலத்துக்காரர் ஒருவர் இடம் கொடுத்தால் இன்னும் நல்லது.

அடுத்து கூகுள் மேப். வீட்டில் படித்த பிள்ளை யாராவது இருந்தால் ஒரு மாலை நேர வேலைதான். இதற்குக் கூகுள் காசு வாங்குவதில்லை. "உங்க கடையை மேப்ல ஏத்தித் தர்றோம், பணம் கட்டுங்க" என்று போன் வந்தால் வைத்துவிடுங்கள். கதவு எண், தெருப் பேர் இல்லாத மலையூர்களுக்கு 'பிளஸ் கோடு' என்று ஒன்று உண்டு. மேப்பில் நம் வீட்டின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் சில எழுத்தும் எண்ணும் சேர்ந்து வரும். அதுதான் விலாசம். பதிவை உறுதிசெய்ய இடத்தை வீடியோ எடுத்து அனுப்பச் சொல்வதுண்டு. அதில் பெயர்ப் பலகை தெரிந்தால் நல்லது. பலகையை முதல் வேலை என்று சொன்னதற்கு அதுவும் ஒரு காரணம்.

பேரில்தான் பெரிய சிக்கல். ஜவ்வாது, ஜவாது, சவ்வாது என்று தமிழிலேயே மூன்று விதம். ஆங்கிலத்தில் 'வி' போட்டு ஒருவர், 'டபிள்யூ' போட்டு ஒருவர், அதிலும் ஒற்றையாய், இரட்டையாய்! பலகை, மேப், பொட்டலம் மூன்றிலும் ஒரே எழுத்தில் போடுங்கள். மற்ற எழுத்துகளை மேப்பில் விவரம் எழுதும் இடத்தில் சேர்த்துவிடலாம். பொருளின் பேரும் அப்படித்தான். நகரத்துப் பிள்ளைகள் 'லிட்டில் மில்லட்' என்று தேடுகிறார்கள். பெங்களூருக்காரர் 'சாமெ' என்பார், ஆந்திராக்காரர் 'சாமலு' என்பார். தீட்டிய அரிசியா, உமியோடு உள்ள சாமையா என்பதையும் எழுதாவிட்டால் வாங்கிப் போனவர் அடுத்த நாள் போன் போட்டுச் சண்டை பிடிப்பார்.

போன் என்றதும் டவர் கவலை வரும். பல ஊர்களில் மேட்டில் ஏறி நின்றால்தான் சிக்னல். அதனால் பொட்டலத்தில் இரண்டு எண் போடுங்கள்: ஒன்று நம்முடையது, மற்றது கீழே போளூரிலோ திருவண்ணாமலையிலோ இருக்கும் உறவினருடையது. 'மாலை 6 மணிக்கு மேல் பேசவும்' என்றும் சேர்த்துவிடுங்கள். என்னைக் கேட்டால் இத்தனை வழிகளிலும் அதிகப் பலன் தருவது இந்தப் பொட்டலத்து எண்தான். புது ஆளைத் தேடிப் பிடிப்பதைவிட, ஒரு முறை பொங்கிச் சாப்பிட்டு ருசி கண்டவர் திரும்பவும் கூப்பிட வழி இருப்பது மேல்.

தனியாக முடியாதவர்கள் சேர்ந்து செய்யலாம். ஜமுனாமரத்தூரில் பழங்குடி உழவர்களின் உற்பத்தியாளர் நிறுவனம் இருக்கிறது. நீலகிரியில் கீஸ்டோன் அமைப்பின் முயற்சியில் உருவான கடைகள், காட்டுத் தேனைச் சுற்றுலாப் பயணிகள் நடமாடும் கோத்தகிரி, குன்னூர், ஊட்டியிலேயே வைத்து விற்றன. வாங்குகிறவரை ஊருக்குள் இழுக்காமல், அவர் போகும் வழியிலேயே போய் நின்றார்கள். 5 உழவர்கள் சேர்ந்தால் பி.ஜி.எஸ். குழு தொடங்கி இயற்கை வேளாண்மைச் சான்றும் பெறலாம். அந்தப் பதிவு எண்ணைப் பொட்டலத்தில் அச்சிட்டால், 'உண்மையிலேயே இயற்கையா?' என்று கேட்பவருக்குக் காட்ட ஒன்று இருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மேப்பில் 'திறந்திருக்கிறது' என்று போட்டுவிட்டு, அறுவடைக்குக் குடும்பமே காட்டுக்குப் போய்விடக் கூடாது. 40 கிலோமீட்டர் வளைவு ஏறி வந்தவர் பூட்டைப் பார்த்தால் அங்கேயே நின்று ஒற்றை நட்சத்திரம் போட்டுவிட்டுத்தான் இறங்குவார். வாரத்தில் சனி, ஞாயிறு மட்டும் என்று போட்டாலும் சரி, அந்த இரண்டு நாளும் வீட்டில் ஒருவர் இருக்கட்டும். புளி எப்போது, பலா எப்போது, தேன் எப்போது, புதுச் சாமை எப்போது என்று மாதவாரியாக ஒரு அட்டை எழுதி, போட்டோ எடுத்து, அதே மேப்பிலும் வாட்ஸ்அப்பிலும் போட்டு வையுங்கள்.