சாரசீனியா: பருவத்துக்கேற்ப நிறம் மாறும் குடுவைச் செடி

சாரசீனியா என்பது வட அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்ட பூச்சியுண்ணும் தாவரப் பேரினம் ஆகும். இதன் இனங்களுள் பெரும்பாலானவை ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்குச் சதுப்பு நிலங்களில் வளர்கின்றன. பர்ப்யூரியா இனம் மட்டும் கனடா வரை பரவியுள்ளது. கியூபெக்கில் வாழ்ந்த மருத்துவர் மிசெல் சாரசின் நினைவாக இப்பெயர் இடப்பட்டது. இதன் இலையே குழல் வடிவக் குடுவையாக மாறியுள்ளது. அது தேனைச் சுரந்து பூச்சிகளை ஈர்க்கிறது. உள்ளே விழும் பூச்சிகளிலிருந்து செடி நைட்ரசனைப் பெறுகிறது.

நிறத்தின் காரணம்

குடுவையின் சிவப்புக்கும் ஊதாவுக்கும் ஆந்தோசயனின் என்னும் நிறமி காரணமாகும். நல்ல வெயிலில் இந்நிறமி மிகுதியாக உண்டாகிறது. நிழலில் வளரும் செடி பச்சையாகவே இருக்கும். லியூக்கோபில்லா இனத்தின் மேற்பகுதி வெண்மையாகத் தெரிவதற்கு அவ்விடத்தில் பச்சையம் இல்லாததே காரணம். மரபும் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஆந்தோசயனின் அற்ற வகைகள் எவ்வளவு வெயில் பட்டாலும் சிவப்பதில்லை.

பருவ மாற்றம்

ஃபிளாவா இனம் இளவேனிலில் தன் சிறந்த குடுவைகளைத் தருகிறது. கோடையின் பிற்பகுதியில் குடுவையற்ற தட்டை இலைகளை விடுகிறது. லியூக்கோபில்லாவின் மிக அழகிய வெண்குடுவைகள் கோடை முடிந்து இலையுதிர் காலம் தொடங்கும்போது தோன்றுகின்றன. பர்ப்யூரியா குளிர் கூடக்கூட அடர்சிவப்பாக மாறி, அந்நிறத்துடனேயே குளிர்காலத்தைக் கழிக்கிறது. உயரமாக வளரும் இனங்களின் குடுவைகள் குளிர்காலத்தில் பழுப்பாகிக் காய்ந்துவிடும். இது சாவு அன்று, உறக்கம். மண்ணுக்குள் கிழங்கு உயிருடன் இருந்து, இளவேனிலில் மீண்டும் துளிர்க்கும்.

வளர்ப்பு முறை

• நாள்தோறும் 6 மணி நேரத்துக்குக் குறையாத நேரடி வெயில் தேவை.
• உரமிடாத பீட் பாசியையும் பெர்லைட்டையும் கலந்து தொட்டியை நிரப்ப வேண்டும்.
• தொட்டியைத் தண்ணீர்த் தட்டில் வைக்க வேண்டும். மழைநீர் அல்லது காய்ச்சி வடித்த நீர் ஏற்றது. உப்பு நிறைந்த கிணற்று நீர் வேரைக் கெடுக்கும்.
• மண்ணில் உரமிடக் கூடாது. நைட்ரசன் மிகுந்தால் பர்ப்யூரியா குடுவையைச் சுருக்கித் தட்டை இலைகளை விடுவதை எலிசன், கோட்டெல்லி ஆகியோரின் 2002 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது.
• 3 முதல் 4 மாதக் குளிர்கால ஓய்வு வேண்டும். ஆண்டு முழுவதும் வெப்பமான இடத்தில் வைத்தால் செடி நலிந்துவிடும். மேகாலயாவிலும் இலங்கையிலும் இயற்கையாக வளரும் நெப்பந்தசு வேறொரு பேரினம். அதற்கு இத்தகைய உறக்கம் தேவையில்லை.

பாதுகாப்பு

சதுப்புகளை வடித்ததாலும், புதர்களை ஒடுக்கி வந்த இயற்கைத் தீயைத் தடுத்ததாலும் இச்செடிகளின் வாழிடம் பெரிதும் சுருங்கியுள்ளது. பூங்கொத்துகளுக்காகக் காட்டிலிருந்து குடுவைகளை வெட்டுவதும் கேடு விளைவிக்கிறது. சைட்டிசு உடன்பாடு இப்பேரினத்தின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்துகிறது. எனவே வளர்க்க விரும்புவோர், நாற்றங்காலில் பெருக்கப்பட்ட செடிகளை மட்டுமே வாங்க வேண்டும்.