பால் திரியாத இஞ்சி டீ

நாள் முழுக்க மழையிலும் சேற்றிலும் நின்று நாற்று நட்டுவிட்டு வந்த உடம்புக்கு, சாயங்காலம் ஒரு டம்ளர் இஞ்சி டீ தரும் இதமே தனி. ஆனால், 'இஞ்சி போட்டாலே பால் திரிந்துவிடுகிறது' என்று சலித்துக்கொள்ளும் வீடுகள் நிறைய. பழி பால்காரர் தலையில் விழும். பெரும்பாலும் அவர்மேல் தவறு இருக்காது. பச்சை இஞ்சியில் பாலைத் திரிய வைக்கும் நொதி ஒன்று இருக்கிறது. சூடான பாலில் நேரடியாக இஞ்சியைத் தட்டிப் போட்டால், அது வேலையைக் காட்டிவிடும். இஞ்சியை முதலில் தண்ணீரில் நன்றாகக் கொதிக்கவிட்டால் நொதி செயலிழந்துவிடும். பிறகு பால் ஊற்றினால் பயமில்லை.

இரண்டு பேருக்கு ஓர் அங்குல இஞ்சித் துண்டு போதும். மண் போகக் கழுவி, கரண்டி விளிம்பால் தோலைச் சுரண்டி, உரலில் நசுக்கிக்கொள்ளுங்கள். இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஐந்தாறு நிமிடம் கொதிக்கவிட்டு, டீத்தூள் சேருங்கள். ஒரு கொதி வந்ததும் பால் ஊற்றி இறக்கலாம். கருப்பட்டி போடுவதானால், அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் போட வேண்டும். அதுவும் பாலைத் திரிய வைக்கும்.

தொண்டைக் கரகரப்பு, குமட்டல் இருந்தால் பாலும் டீத்தூளும் வேண்டாம். வெறும் இஞ்சித் தண்ணீரில் இரண்டு மிளகு, நாலு துளசி இலை போதும். ஆறி, வெதுவெதுப்பானதும் தேன் கலக்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்கு மட்டும் தேன் கூடவே கூடாது.

டீக்கு முற்றிய இஞ்சிதான் ஏற்றது. ஐந்தாறு மாதத்தில் தோண்டும் இளம் இஞ்சியில் நாரும் குறைவு, காரமும் குறைவு. அது துவையலுக்கும் ஊறுகாய்க்கும் சரி. முற்றிய இஞ்சிக்கு எட்டு மாதமாவது ஆக வேண்டும். காய்ந்து சுக்காகும்போது காரம் இன்னும் ஏறும். அதனால் சுக்கைக் குறைத்தே போடுங்கள். வீட்டுத் தேவைக்கு ஒரு பழைய சாக்கு போதும். சித்திரை, வைகாசியில் முளையுள்ள கிழங்குத் துண்டை நட்டு, அரை நிழலில் வைக்கலாம். தண்ணீர் தேங்கினால் கிழங்கு அழுகிவிடும்.

நெஞ்செரிச்சல் உள்ளவர்கள் அளவோடு குடிப்பது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள், தினமும் குடிக்கும் முன் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சாதாரண சளி ஒரு வாரத்தில் தானே போய்விடும். அதுவரை இஞ்சி டீ இதம் தரும், அவ்வளவுதான். நடவு முடிந்த சில நாட்களில் கடும் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால், அது எலிக்காய்ச்சலாக இருக்கலாம். எலியின் சிறுநீர் கலந்த வயல் தண்ணீர், காலில் உள்ள புண் வழியே உடம்புக்குள் நோயைக் கொண்டுபோகும். அதற்குக் கஷாயம் வைத்துக்கொண்டு நாளைக் கடத்தக் கூடாது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்விட வேண்டும். சேற்றில் இறங்கி வேலை பார்த்ததை டாக்டர் கேட்காவிட்டாலும் சொல்லிவிடுங்கள்.